கை இப்படி இருக்கிறது. ஜோடி நடன வகுப்பில் சேரலாமா?

விரல்கணக்கு எழுதியது:

வயது முப்பத்தெட்டு. இதுவரை எந்த நடனமும் கற்றதில்லை. இப்போது சல்சா தொடக்க வகுப்பில் சேர ஆசை வந்திருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள். இசை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் இடது கையில் பிறவியிலேயே நடு விரல்கள் மூன்றும் வளரவில்லை. கட்டைவிரல் உண்டு, சுண்டுவிரல் பாதி உண்டு, இடையில் மொட்டுப்போல மூன்று மேடுகள். தட்டச்சு செய்கிறேன், வண்டி ஓட்டுகிறேன், துணி தைக்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் இதை மறந்தே போய்விட்டார்கள். கையைப் பற்றி எனக்குப் பொதுவாகக் கூச்சம் கிடையாது. புதியவர் ஒருவர் அந்தக் கையைத் தொட வரும்போது மட்டும் உடம்பு சுருங்கிப்போகும். வழக்கமாக வலது கையை முந்தி நீட்டித் தப்பித்துக்கொள்வேன்.

சல்சா வகுப்பில் அப்படித் தப்ப முடியாது என்கிறார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுவார்களாம். அப்படியென்றால் ஒரே மாலையில் முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேரிடம் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். ஒவ்வொரு முகத்திலும் வரப்போகும் அந்த அரை நொடித் திகைப்பு எனக்கு மனப்பாடம். அதைப் பன்னிரண்டு முறை பார்த்துவிட்டு, அதற்கு மேல் காலடியையும் நினைவில் வைத்து ஆட என்னால் முடியுமா?

இதைக் கடந்து வந்தவர்கள் எழுதுங்கள். “யாரும் பார்க்க மாட்டார்கள், தன்னம்பிக்கையோடு போ” என்று மட்டும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல எனக்கு ஒரு சித்தி இருக்கிறார்.

தாளப்பித்தன் எழுதியது:

சித்தி சொல்வதில் உண்மை இருக்கிறதே! கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் நடத்திய ஓர் ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. மாணவர் ஒருவருக்கு வெட்கம் தரக்கூடிய படம் அச்சிட்ட சட்டையை மாட்டி, மற்றவர்கள் அமர்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பின்னர், “எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?” என்று கேட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் என்று சட்டை அணிந்தவர்கள் ஊகித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம்மைப் பற்றி நமக்கு இருக்கும் அக்கறை மற்றவர்களுக்கு இல்லை. தொடக்க வகுப்பில் எல்லோரும் தங்கள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விரல்கணக்கு எழுதியது:

நன்றி. ஆனால் அந்த ஆய்விலும் கால்வாசிப் பேர் கவனித்திருக்கிறார்கள், அதுவும் வெறும் சட்டையை. என் கையை அவர்கள் பார்ப்பது மட்டுமில்லை, பிடிக்கவும் வேண்டும்.

சாய்தோள் எழுதியது:

தோழி சொல்வது சரி. “யாரும் பார்ப்பதில்லை” என்பது தொப்பையும் முகப்பருவும் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஆறுதல். கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு உள்ளவர்களுக்கு அதைச் சொன்னால், நம் வாழ்நாள் அனுபவத்தையே பொய் என்று சொல்வதுபோல் இருக்கிறது. பார்க்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பார்வைக்கு நாம் என்ன பொருள் கொடுக்கிறோம் என்பதில்தான் ஏமாந்துபோகிறோம்.

இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 1980-இல் ராபர்ட் கிளெக், ஏஞ்சலோ ஸ்ட்ரென்டா என்ற இரு உளவியலாளர்கள் செய்தது. பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் ஒரு தழும்பை வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, “காய்ந்து உதிராமல் இருக்க மேலே கொஞ்சம் களிம்பு தடவுகிறோம்” என்று சொல்லி, அவர்கள் அறியாமலேயே தழும்பைத் துடைத்துவிட்டார்கள். முகத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்ப் பேசிவிட்டு வந்தவர்கள், எதிரே இருந்தவர் தழும்பைக் கண்டு சங்கடப்பட்டார் என்று சொன்னார்கள். எதிரே இருந்தவர் பேச்சு நடுவே கண்ணை அகற்றினால்கூட, அதைத் தழும்பின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. 10 பாகைக்கு மேல் வளைந்தால் அதை ஸ்கோலியோசிஸ் என்பார்கள். என் வளைவு அதைவிட நன்றாகவே அதிகம். வலது தோள் மேலே, இடது இடுப்பு வெளியே. நாற்பதை நெருங்கும்போது பரதம் கற்கச் சேர்ந்தேன். நாட்டியாரம்பத்தில் இரண்டு கைகளையும் தோள் மட்டத்தில் நீட்டி நிற்க வேண்டும். என் தோள்களே ஒரே மட்டத்தில் இல்லை. எந்தத் தோளின் மட்டம்? கண்ணாடியைப் பார்த்துச் சரிசெய்யப் போனால் கழுத்து வலிக்கும். ஆசிரியையின் யோசனைப்படி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிப் பயிற்சி செய்து, கை நீளும் உணர்வை மட்டும் பழகினேன். கண்ணாடியில் கோணலாகத் தெரிவதுதான் என் உடலுக்கு நேர். அதை ஏற்க எனக்கு நாளாயிற்று.

யானைநடை எழுதியது:

தொப்பைக்காரர்களுக்கு ஆறுதல் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்களே, சாய்தோள்! நான் நூற்றுமுப்பது கிலோ. எனக்கு வரும் பார்வை வேறு மாதிரி. “உடம்பைக் குறைக்க வந்தீர்களா? நல்ல முடிவு” என்று முதல் வகுப்பிலேயே ஒருவர் தோளைத் தட்டினார். “இல்லை, ஆட வந்தேன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிறவியில் வந்த வேறுபாடு என்றால் வாயை மூடிக்கொள்கிறார்கள். எடை என்றால் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல உரிமை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டில் எது மேல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சேருங்கள் தங்கையே. ஒரே ஒரு நடைமுறை யோசனை: கூச்சப்பட்டுக் கடைசி வரிசையில் நிற்காதீர்கள். திடீரென்று எல்லோரையும் பின்பக்கம் திரும்பச் சொல்வார்கள். கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். நடு வரிசையின் ஓரம்தான் பாதுகாப்பு.

நேர்ப்பேச்சு எழுதியது:

தவறாக நினைக்க வேண்டாம். இவ்வளவு சங்கடம் என்றால் தனியாக ஆடும் நடனம் எத்தனையோ இருக்கிறதே? யாரும் கையைப் பிடிக்க வேண்டாம். எதற்காக வலியப் போய்ச் சங்கடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்?

விரல்கணக்கு எழுதியது:

தவறாக நினைக்கவில்லை. சிறு வயதிலிருந்து நான் தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது: யாரும் கையைப் பிடிக்க வேண்டாத விளையாட்டு, யாரும் கையைப் பார்க்காத வேலை. இந்த ஒன்றையாவது பிடித்திருக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கிறேனே.

எட்டாம்தாளம் எழுதியது:

நான் பல ஆண்டுகளாக ஜோடி நடனம் கற்பித்து வருகிறேன். மனத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் கையைப் பற்றி எழுதுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் மனம் கொஞ்சம் அடங்கும் என்பது என் அனுபவம்.

சல்சாவில் கையைப் “பிடிப்பது” என்பதே தவறான சொல். புதியவர்களுக்கு நாங்கள் ஓயாமல் சொல்லும் திருத்தம், “கட்டைவிரலால் இறுக்காதீர்கள்” என்பதுதான். வழிநடத்துபவரின் செய்தி விரல்களில் பிறப்பதில்லை. அவருடைய உடல் நகர்கிறது; தோள், முழங்கை வழியாக அது கைக்கு வருகிறது; பின்தொடர்பவர் தன் கையைத் தொங்கவிடாமல் சிறிது விறைப்போடு வைத்திருந்தால் செய்தி அவர் உடலைச் சேர்ந்துவிடும். விரல்கள் கொக்கிபோல் லேசாக மாட்டியிருந்தால் போதும். ஐந்து விரல்கள் உள்ளவர்கள் பலர் இறுக்கிப் பிடித்தே ஜோடியின் மணிக்கட்டை வலிக்கச் செய்கிறார்கள்.

நீங்கள் பின்தொடரும் பங்கை ஆடுவதாக வைத்துக்கொள்வோம். நெருங்கி நின்று ஆடும் மூடிய பிடியில் உங்கள் வலது கை வழிநடத்துபவருடைய இடது கையில் இருக்கும். அவருடைய வலது கை உங்கள் இடது தோள்பட்டை எலும்பின்மேல் இருக்கும். உங்கள் இடது கை அவருடைய மேற்கையிலோ தோளிலோ வெறுமனே படிந்திருக்கும். அதற்குப் பிடிக்கும் வேலையே இல்லை. தொடக்க வகுப்பில் கற்பிக்கும் வலப்பக்கச் சுழற்சியும், ஜோடியைக் குறுக்கே கடத்திவிடும் அசைவும் பெரும்பாலும் உங்கள் வலது கை வழியாகத்தான் நடத்தப்படும். ஆக, முதல் சில வாரங்களில் நீங்கள் அஞ்சும் கைக்கு ஏறக்குறைய ஓய்வுதான்.

சிலர் உங்களை வழிநடத்தும் பங்குக்கு மாறச் சொல்லலாம், “அப்போது பிடிப்பது உங்கள் விருப்பம்” என்று. அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். வழிநடத்துபவரின் இடது கைக்குத்தான் அதிக வேலை.

இரு கைகளையும் கோக்கும் திறந்த பிடி வரும்போது, அவர் தன் உள்ளங்கையை ஏந்தட்டும், நீங்கள் உங்கள் கையின் அடிப்பகுதியை அதன்மேல் வையுங்கள். அல்லது அவர் உங்கள் மணிக்கட்டுக்குக் கீழே ஏந்தட்டும். நேராக நின்று ஆடும்வரை இரண்டுமே சரி.

வகுப்புக்கு முன்பே ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். ஆசிரியருக்குத் தேவை வரலாறு அல்ல. எந்தக் கை, வலி உண்டா, அழுத்தினால் பரவாயில்லையா, வகுப்பில் பொதுவாக அறிவிக்கலாமா வேண்டாமா. இவ்வளவு தெரிந்தால் போதும். கடைசிக் கேள்வியை ஆசிரியர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். நல்லெண்ணத்தோடு எல்லோர் முன்னிலையிலும் “இவருக்குக் கை இப்படி, அனுசரித்துப் போங்கள்” என்று அறிவித்துவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

மேசைவிளக்கு எழுதியது:

நான் எதிர்ப்பக்கத்தில் நின்றவன். வகுப்பில் ஜோடி மாறியபோது என் முன்னால் வந்த பெண்ணுக்கு வலது முன்கை பாதியோடு முடிந்திருந்தது. நீங்கள் சொல்லும் அரை நொடி என் முகத்திலும் வந்திருக்கும், சந்தேகமில்லை. அந்த அரை நொடியில் என் தலைக்குள் ஓடியது இதுதான்: எங்கே பிடிப்பது? அழுத்தினால் வலிக்குமோ? கேட்டால் புண்படுவாரோ? கேட்காமல் பிடித்தால் தவறாகிவிடுமோ? இதற்குள் இசை நான்கு எண்ணிக்கை ஓடிவிட்டது.

அவர் சிரித்துக்கொண்டே, “முழங்கைக்குக் கீழே பிடியுங்கள், வலிக்காது” என்றார். ஒரே வாக்கியம். என் நான்கு கேள்விகளுக்கும் பதில் அதில் இருந்தது. அதன்பிறகு என் கவலை முழுவதும் என் கால்கள்தான்; அவர் என்னைவிட எவ்வளவோ நன்றாக ஆடினார்.

எல்லோரும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. அருவருப்போடு பார்ப்பவர்களும் இருப்பார்கள். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு முகங்களும் ஒன்றுபோலவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

விரல்கணக்கு எழுதியது:

மேசைவிளக்கு, இதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. “எங்கே பிடிப்பது” என்று ஒருவர் திகைக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது அவ்வளவு பழகிய கை.

சாய்தோள் எழுதியது:

அந்த ஒரு வாக்கியத்தைத் தோழி வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போக வேண்டும். இரண்டு செய்திகள் அதில் இருந்தால் போதும்: என்ன செய்ய வேண்டும், வலிக்காது. “மன்னிக்கவும்” என்ற சொல் அதில் வரவே கூடாது.

தாளப்பித்தன் எழுதியது:

முழுக்கைச் சட்டை அணிந்து போகலாமே? முதல் சில வகுப்புகளுக்காவது?

இரும்புப்பாதம் எழுதியது:

நான் அதற்கு எதிர்க்கட்சி. மூடிவைத்தால் ஒவ்வொரு ஜோடியிடமும் புதிதாகத் திறக்க வேண்டும். அரைக்கைச் சட்டையோடு உள்ளே நுழைந்து, தண்ணீர்ப் புட்டியை அந்தக் கையாலேயே எடுத்துக் குடித்தால், வகுப்பு தொடங்குமுன்பே பாதிப் பேர் பார்த்து முடித்திருப்பார்கள். பார்ப்பதற்கு அவர்களுக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். பிடிக்கும் நொடியிலேயே பார்க்கவும் வேண்டியிருப்பதால்தான் அந்தத் திகைப்பு.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது, செயற்கைக் கால். ஐம்பது வயதுக்கு மேல் ஆடத் தொடங்கினேன். அரைக்கால் சட்டையோடுதான் போவேன். அதற்குக் காரணம் துணிச்சல் இல்லை. வியர்த்தால் செயற்கைக் காலுக்குள் அணியும் உள்ளுறை வழுக்கும்; நடுவில் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். முழுக்காற்சட்டை என்றால் அதற்கு ஓர் அறை தேட வேண்டும். நேரம் செல்லச் செல்ல, எஞ்சியிருக்கும் காலின் பருமனும் குறையும், கூடுதலாக ஓர் உறை போட வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் கற்றேன், செயற்கைக் கால் உள்ள வேறு யாராவது படித்தால் உதவட்டும். பாதத்தின் கோணம் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கும். நடனக் காலணியின் குதி அதைவிட உயர்ந்தால் உடல் முன்னால் தள்ளப்படும், முழங்கால் மடங்கப் பார்க்கும். ஒன்று, அதே உயரக் குதி உள்ள காலணி. இல்லையென்றால் உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள பாதம். இதைக் கால் பொருத்துபவரிடம் கேட்க வேண்டும். நடன ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது.

நேர்ப்பேச்சு எழுதியது:

அண்ணா, உங்களைப் போன்றவர்களுக்குச் சுதா சந்திரன் இருக்கிறாரே. 1981-இல் விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர்க் காலோடு மீண்டும் மேடையேறிப் பரதம் ஆடினார். அதைவிடப் பெரிய ஊக்கம் என்ன வேண்டும்?

இரும்புப்பாதம் எழுதியது:

அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் என் காலைப் பார்த்ததும் எல்லோரும் அவர் பெயரைச் சொல்வது எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. அவர் குழந்தைப் பருவத்திலிருந்தே பயின்று, விபத்துக்கு முன்பே மேடைகள் ஏறியவர். தெரிந்த கலையை மீட்டெடுத்தார். நான் இரண்டு கால்களோடும் ஆடத் தெரியாதவன். பிறர் என்னிடம் எதிர்பார்ப்பது ஒன்று சாதனை, இல்லையென்றால் வீட்டில் சும்மா இருப்பது. சுமாராக ஆடிவிட்டு மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போகும் உரிமை மற்றவர்களுக்கு உண்டு. எனக்கும் அதுதான் வேண்டும்.

எனக்கு உண்மையாகவே உதவிய பெயர் கிளேட்டன் பேட்ஸ். 1907-இல் பிறந்த அமெரிக்க டாப் நடனக்காரர். பன்னிரண்டு வயதில் பஞ்சாலை இயந்திரத்தில் சிக்கி ஒரு காலை இழந்தார். மரக்கட்டைக் காலைப் பொருத்திக்கொண்டு ஆடினார். ஊக்கம் தருபவர் என்பதற்காக நான் அவரைச் சொல்லவில்லை. டாப் நடனத்தில் காலடி ஓசைதான் எல்லாம். மரக்கால் தரையில் எழுப்பும் ஓசை காலணியின் ஓசையைப் போல் இருக்காது; அந்த வித்தியாசத்தையே அவர் தாளத்துக்குள் வைத்துவிட்டார். காலை மறைத்திருந்தால் அந்த நடனமே இல்லை.

எட்டாம்தாளம் எழுதியது:

இரும்புப்பாதம் ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். மாற்றுத்திறன் உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து ஆடும் குழுக்கள் இன்று புதுமை அல்ல. அமெரிக்காவின் ஆக்ஸிஸ் 1987-இலும், பிரிட்டனின் கேண்டோகோ 1991-இலும் தொடங்கின. கேண்டோகோவை ஆடம் பெஞ்சமினோடு சேர்ந்து தொடங்கிய செலஸ்டி டாண்டெகர், மேடையில் விழுந்து முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட நடனக் கலைஞர். இவர்களின் நடனத்தைக் காணொளிகளில் பாருங்கள். சக்கர நாற்காலி ஒன்று சுழலும்போது இரண்டு கால்களால் ஒருபோதும் செய்ய முடியாத ஒரு வழுக்கல் வரும். நடன அமைப்பாளர்களுக்கு அது ஒரு வளம்.

யானைநடை அவர்களுக்கும் சாய்தோள் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயதான பின் கற்பவர்கள், வேறுபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆசிரியரின் உடல் வடிவத்தை அப்படியே எட்டப் பார்த்துக் காயப்படுகிறார்கள். பரதத்தில் முழங்கால்களை மடக்கி நிற்கும் அரைமண்டியில் பாதங்கள் எவ்வளவு வெளிப்பக்கம் திரும்பும் என்பது பெரும்பாலும் இடுப்பு மூட்டின் எலும்பு அமைப்பைப் பொறுத்தது. இடுப்பு அனுமதிப்பதைவிட அதிகமாகப் பாதத்தைத் திருப்பினால் அந்த முறுக்கைத் தாங்குவது முழங்கால்தான். உங்கள் அளவு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் ஆசிரியரிடம் கற்க வேண்டாம்.

விரல்கணக்கு எழுதியது:

வகுப்புக்குப் போய்வந்துவிட்டேன்.

முன்னதாக ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து நான்கு விஷயங்களையும் சொன்னேன். “அறிவிக்க வேண்டாம்” என்றதும் அவர் நிம்மதியடைந்ததுபோல் பட்டது. அரைக்கைச் சட்டைதான். என் வாக்கியம்: “இந்தக் கையை உங்கள் உள்ளங்கையில் வைப்பேன், அழுத்தினாலும் வலிக்காது.” முதல் ஆளிடம் சொல்லும்போது குரல் நடுங்கியது. போகப் போக அறிவிப்பாளர்போல் ஒப்பிக்கத் தொடங்கிவிட்டேன், எனக்கே சிரிப்பு வந்தது. பெரும்பாலானவர்கள் “சரி” என்றார்கள், எண்ணத் தொடங்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும் “அச்சச்சோ, எப்படி ஆயிற்று?” என்று நின்றுவிட்டார். “பிறவி. ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணிக்கையைத் தொடங்கினேன், அவர் கால் தானாக நகர்ந்தது. இன்னொருவர் என் இடது கையைத் தொடாமலேயே ஆடினார். மரியாதையா அருவருப்பா என்று தெரியவில்லை. அது சுருக்கென்றுதான் இருந்தது. அடுத்த வகுப்பிலும் அவர் வருவார்.

எட்டாம்தாளம் டீச்சரிடம் ஒரு கேள்வி. சற்று முன்னேறிய குழு ஆடுவதைப் பார்த்தேன். பின்தொடர்பவரின் இடது கையை உயர்த்தி, அதன் கீழே அவரைச் சுழல வைக்கிறார்கள். அது எனக்கு எப்படி?

எட்டாம்தாளம் எழுதியது:

சுழற்சியின்போது மணிக்கட்டைப் பிடிக்க மட்டும் விடாதீர்கள். மணிக்கட்டு பூட்டப்பட்ட நிலையில் உடல் சுழன்றால் முறுக்கு முழுவதும் அங்கே இறங்கும். வழிநடத்துபவர் தன் விரல்களைக் கீழ்நோக்கித் தளர்வாக விடட்டும். உங்கள் கட்டைவிரலுக்கும் அந்த மேடுகளுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் அவை உட்கார்ந்து சுழலும். மெதுவாக, இசையில்லாமல், ஒரே ஆளோடு பலமுறை செய்து பாருங்கள். அது சரிவரவில்லை என்றால், கையை விட்டுவிட்டு முதுகில் வைத்த கையால் சுழற்சியைத் தொடங்கிவைக்கலாம். எல்லா விரல்களும் உள்ளவர்களும் அப்படி ஆடுவது உண்டு.

கையைத் தொடாமல் ஆடியவரிடம் அடுத்தமுறை உங்கள் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அவர் கை ஏந்தும்வரை காலடியைத் தொடங்காமல் நில்லுங்கள். அதன்பிறகும் தொடவில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதைக் கவனிப்பது அவருடைய வேலை.

யானைநடை எழுதியது:

டீச்சர், எனக்கும் ஒன்று. சுழலும்போது முழங்கால் இழுத்துப் பிடிக்கிறது. எடையால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

எட்டாம்தாளம் எழுதியது:

எடையைக் குறை சொல்லுமுன் காலணியின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓடுவதற்கான ரப்பர் அடி என்றால் அது தரையைக் கவ்விக்கொள்ளும். பாதம் நிற்க, உடல் திரும்ப, நடுவில் முழங்கால் மாட்டிக்கொள்ளும். தோல் அடி வைத்த காலணிக்கு மாறுங்கள். சுழலுமுன் எடையைப் பாதத்தின் முன்பகுதிக்குக் கொண்டுவந்து, குதிகாலைத் தரையிலிருந்து சற்றே விடுவியுங்கள். அப்படியும் வலி தொடர்ந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

யானைநடை எழுதியது:

திருப்பிப் பார்த்தேன். ரப்பர்தான், அதுவும் டிராக்டர் சக்கரம்போல.